சப்ரசரோடு குட்டைக்குழல் ரைஃபிள்: .300 பிளாக்அவுட்டா, 5.56ஆ? மேலே எந்த ஸ்கோப்?

மக்காச்சோளக்காடு கேட்கிறார்:

வணக்கம். டெக்சஸில் வேகோவுக்கு வடக்கே ஹில் கவுண்டியில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. மனைவியோடு வேலை செய்பவரின் குடும்பத்துக்கு இங்கே 180 ஏக்கர் நிலம், அதில் பாதி மக்காச்சோளம். மார்ச்சில் விதைத்த மறுநாள் ராத்திரியே காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. விதைத்த வரிசையிலேயே மூக்கை வைத்து உழுதுகொண்டு போயிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன், நாலு வரிசையில் ஒரு விதை மிச்சமில்லை. நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்தவன். அப்பா பரண் மேல் உட்கார்ந்து விடியும்வரை தகர டப்பா தட்டியதைப் பார்த்து வளர்ந்ததால் அந்த வயலைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நில உரிமையாளர் எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார்.

என்னிடம் இப்போது இருப்பது 16 இன்ச் குழல் உள்ள 5.56 ஏஆர்-15 ஒன்றுதான். அதன் முனையில் சப்ரசர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) மாட்டினால் மறைவிடத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் திருப்ப முடியாது. அதனால் குட்டைக்குழல் ரைஃபிளாகப் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். சப்ரசர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அரை மைலில் ஒரு வயதான தம்பதி இருக்கிறார்கள், என் காதும் எனக்கு முக்கியம்.

1. தோட்டா வகை .300 பிளாக்அவுட்டா, 5.56ஆ? வேறு ஏதாவது உண்டா?
2. குழல் எத்தனை இன்ச்?
3. ரெட் டாட் (ஒளிப்புள்ளிக் குறி), 1-6 ஸ்கோப் (1 முதல் 6 மடங்கு பெருக்கம்), பிரிசம், தெர்மல் (வெப்பத்தைக் காட்டுவது), இவற்றில் எது? வலது கண்ணில் ஆஸ்டிக்மாடிசம் (விழி வளைவுக் கோளாறு) இருக்கிறது. ஆப்டிக்குக்கு மட்டும் 1,500 டாலர் வரை செலவு செய்யலாம்.

சொல்ல மறந்துவிட்டேன்: மறைவிடத்திலிருந்து தீவனம் போடும் இடம் 60 யார்டு. ஓடைக்கரை மரவரிசை 180 யார்டு.

---

குவாடலூப்கரை எழுதுகிறார்:

தம்பி, சொல்ல மறந்துவிட்டேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு எண்கள்தான் உங்கள் கேள்வியே. 60 யார்டும் 180 யார்டும் ஒரே துப்பாக்கி வேலை இல்லை. அதை முதலில் பிரித்துவிட்டால் காலிபரும் (தோட்டா அளவும்) ஸ்கோப்பும் தானாக விழும்.

நான் கொன்சாலஸ் பக்கம் ஆற்றங்கரை பீக்கான் தோப்புகளில் ஒன்பது வருஷமாகப் பன்றி சுடுகிறேன். முதல் இரண்டு வருஷம் செய்த தவறை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

.300 பிளாக்அவுட் வாங்கிய புதிதில் சப்சானிக் தோட்டா மேல் எனக்குப் பைத்தியம். 220 கிரெய்ன் எடை (சுமார் 14 கிராம்), வினாடிக்கு 1,000 அடிக்குப் பக்கத்து வேகம், ஒலியின் வேகத்துக்குக் கீழே. சப்ரசரோடு சுட்டால் போல்ட் (தோட்டா அறையைப் பூட்டும் உலோகத் துண்டு) முன்னும் பின்னும் அடிக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இலக்குப் பலகைக்காகச் செய்த தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தேன். ஓர் அக்டோபர் ராத்திரி 90 யார்டில் ஒரு பெரிய ஆண் பன்றி. சுட்டேன். தோட்டா உடம்பில் பட்ட சத்தம் "தப்" என்று தெளிவாகக் கேட்டது. பன்றி ஓடிவிட்டது. டார்ச்சை வைத்துத் தேடினால் ஒரு பீக்கான் இலைமேல் பட்டாணி அளவில் இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் ஓடைப் பள்ளத்தில் கண்டுபிடித்தேன். உயிரோடு இருந்தது. முன்னங்கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தன. முடித்துவிட்டுப் புரட்டிப் பார்த்தேன். தோட்டா போன ஓட்டையும் வந்த ஓட்டையும் ஒரே அளவு, சுண்டுவிரல் நுழையாது. தோட்டா விரியவே இல்லை. பதினைந்து மணி நேரம் அந்த உயிர் துடித்தது என்னால்.

அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். 220 கிரெய்ன் 1,000 அடி வேகத்தில் போனால் கையில் இருப்பது சுமார் 490 அடி-பவுண்டு சக்தி. .45 கைத்துப்பாக்கித் தோட்டா 370 அடி-பவுண்டு. ஆக, சப்சானிக் பிளாக்அவுட் என்பது தோளில் வைத்துச் சுடும் கைத்துப்பாக்கியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. ஆண் பன்றிக்குத் தோள்மேல் குருத்தெலும்பு போலக் கெட்டியான கவசம் வேறு உண்டு. சப்சானிக் வேகத்தில் விரிவதற்கென்றே செய்த தோட்டா வேண்டும். ஹார்னடியின் 190 கிரெய்ன் சப்-எக்ஸ் ஒன்று. லீஹை செய்யும் செம்புத் தோட்டாக்கள் இன்னொன்று. விலை அதிகம், ஒரு சுடுதலுக்கு ஒரு டாலருக்கு மேல் போகும். அதையும் 60 யார்டுக்குள், காதுக்குக் கீழே மட்டும்.

தூரத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். 50 யார்டில் ஜீரோ செய்த (குறியை அந்தத் தூரத்துக்குச் சரிசெய்த) சப்சானிக் 100 யார்டில் ஆறு ஏழு இன்ச் கீழே விழும். 150 யார்டில் இரண்டு அடிக்குப் பக்கம். உங்கள் ஓடைக்கரை 180 யார்டு. அங்கே சப்சானிக்கை மறந்துவிடுங்கள்.

ஆனால் இதே .300 பிளாக்அவுட்டில் 110 கிரெய்ன் சூப்பர்சானிக் போடலாம். பார்ன்ஸ் நிறுவனத்தின் செம்புத் தோட்டா இந்தக் காலிபரின் வேகத்துக்கென்றே வடிவமைத்தது. 9 இன்ச் குழலிலிருந்து 2,100 அடிக்குப் பக்கம் கிளம்பும், ஆயிரம் அடி-பவுண்டுக்கு மேல். 100 யார்டில் ஜீரோ வைத்தால் 150ல் மூன்று இன்ச்சுக்குச் சற்று மேல்தான் இறக்கம். நான் 150 வரை சுடுவேன். அதற்கு மேல் பன்றி கிட்டே வரும்வரை காத்திருப்பேன்.

குழல் 9 இன்ச் வாங்குங்கள். 2011இல் இந்தத் தோட்டாவுக்கு முறையான அங்கீகாரம் வந்தது. அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் காரர்கள் இதை உருவாக்கியபோதே குட்டைக் குழலில் மருந்து எரிந்து முடிய வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். 5.56இன் கணக்கு 20 இன்ச் குழலுக்கு. 20 இன்ச்சில் 3,200ஐத் தொடும் 55 கிரெய்ன் தோட்டா 10.5 இன்ச்சில் 2,700க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எரியாத மருந்தெல்லாம் வெளியே நெருப்பாக வரும், அந்த அழுத்தம் முழுக்க சப்ரசர் தலையில் விழும், மிச்சம் போல்ட் வழியாக உங்கள் மூக்குக்கு வரும். நான் இடது கைக்காரன், அந்தப் புகை நேராக என் கண்ணுக்கு.

குழல் முறுக்கு 8க்கு 1 (8 இன்ச்சுக்கு ஒரு சுற்று), இல்லை அதைவிட வேகம். நீளமான சப்சானிக் தோட்டா சரியாகச் சுழலாமல் போனால் சப்ரசருக்குள் தட்டி அதைக் கிழித்துவிடும். கேஸ் அமைப்பு (போல்ட்டை இயக்கும் வாயு வழி) பிஸ்டல் நீளம், அதாவது மிகக் குட்டை, அப்போதுதான் சப்சானிக்கில் போல்ட் முழுசாகத் திரும்பும். சப்ரசரை .30 காலிபரில் வாங்கினால் உங்கள் 5.56க்கும் அதையே மாட்டலாம். முதல்முறை மாட்டியதும் குழலுக்குள் நேர்க்கம்பி விட்டு நடுவில் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சப்ரசர் போட்டால் சத்தமே வராது என்று நினைக்க வேண்டாம். 20 முதல் 35 டெசிபல் குறைக்கும். சூப்பர்சானிக் தோட்டா காற்றைக் கிழிக்கும் "டப்" சத்தத்தை எந்தச் சப்ரசரும் தடுக்காது, அது தோட்டா போகும் வழியெல்லாம் பிறக்கிறது. மறைவிடத்துக்குள் சுடும்போது காதடைப்பு போட்டுத்தான் தீர வேண்டும். எனக்கு இடது காதில் ராத்திரி முழுக்க ரீங்காரம். அது ஒரே சீசனில் வந்தது.

---

கண்ணாடிக்காரர், ஹூஸ்டன் எழுதுகிறார்:

காலிபர் விஷயத்தில் அண்ணன் சொன்னதே போதும். ஆஸ்டிக்மாடிசம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், எனக்கும் அதே வலது கண்தான்.

கடைக்குப் போய் ரெட் டாட்டைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். புள்ளி ஒரு காற்புள்ளி மாதிரியோ நசுங்கிய நட்சத்திரம் மாதிரியோ தெரிந்தால், கைபேசி கேமராவை அதே இடத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கோளாறு சாதனத்தில் இல்லை, உங்கள் கண்ணில். என் படத்தில் அழகான உருண்டை. கண்ணில் பார்த்தால் திராட்சைக் கொத்து. 60 யார்டில் அந்தக் கொத்து ஒரு பன்றியின் தலையையே மறைத்துவிடும்.

தீர்வு, கண்ணாடியிலேயே பொறித்த குறிக்கோடு உள்ள பிரிசம் ஸ்கோப். கண்ணுக்குப் பக்கத்து வளையத்தைத் திருப்பி உங்கள் பார்வைக்கு ஏற்றபடி கூர்மை செய்துகொள்ளலாம். பேட்டரி செத்தாலும் பகலில் கோடு தெரியும். நான் வைத்திருப்பது பிரைமரி ஆர்ம்ஸின் 3 மடங்கு மைக்ரோபிரிசம், எங்கள் ஹூஸ்டன் கம்பெனி. அதில் .300 பிளாக்அவுட்டின் இறக்கத்துக்கு ஏற்ற குறிக்கோடு தனியாகக் கிடைக்கிறது, வாங்கும்போது 5.56க்கானதை எடுத்துவிடாதீர்கள். குறை என்னவென்றால் கண்ணைக் கிட்டே வைக்க வேண்டும், தலை கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரம் கறுத்துவிடும்.

1-6 ஸ்கோப் நல்ல பொருள், ஆனால் 9 இன்ச் துப்பாக்கிமேல் அது கனம். நாலைந்து தோட்டா சூப்பர்சானிக் போட்டபின் சப்ரசர் சூடாகி, பெருக்கத்தைக் கூட்டினால் கானல்நீர் ஆடும். 16 இன்ச் அப்பரில் (குழல் உள்ள மேல்பாதியில்) அதை வையுங்கள்.

---

ரெட் ரிவர் எழுதுகிறார்:

நான் ஓக்லஹோமா எல்லைப் பக்கம். எல்லோரும் பிளாக்அவுட் என்கிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்து. ஒரு ராத்திரி முப்பது பன்றி வயலில் ஓடும்போது ஐந்து ஆறு தோட்டா வேகமாகப் போகும். 5.56 தோட்டா பிளாக்அவுட் விலையில் பாதிதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். 11.5 இன்ச் குழல், கேஸைக் குறைக்கக்கூடிய பிளாக், பின்னழுத்தம் குறைந்த சப்ரசர் வைத்து 180 யார்டு வரை நிம்மதியாகச் சுடுகிறேன். பயிற்சிக்கும் செலவு கட்டுப்படியாகிறது. பயிற்சி இல்லாதவனுக்கு எந்தக் காலிபரும் உதவாது. அரை மைல் தள்ளி இருக்கும் தம்பதிக்கு சப்ரசர் போட்ட 5.56 கேட்கும், ஆனால் தூக்கம் கெடாது.

7.62x39, 6.5 கிரெண்டல் இரண்டும் சுட்டிருக்கிறேன். நல்ல தோட்டாக்கள்தான். போல்ட்டும் மேகசினும் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

---

படிவம்நாலு எழுதுகிறார்:

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 1934ஆம் வருஷ மத்திய அரசுச் சட்டப்படி குழல் 16 இன்ச்சுக்குக் கீழே இருந்தால் பதிவு வேண்டும். அந்தக் காலத்திலிருந்து மாறாத 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் சப்ரசருக்கும் குட்டைக்குழல் ரைஃபிளுக்கும் பூஜ்யம். வரிதான் போனது. விண்ணப்பம், கைரேகை, படம், ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இருக்கும் லோயரை (விசை உள்ள கீழ்ப்பாதியை) நீங்களே குட்டைக்குழலாக மாற்ற படிவம் 1, கடையில் சப்ரசர் வாங்க படிவம் 4. படிவம் 1இல் ஒப்புதல் வந்தபின் உங்கள் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் உலோகத்தில் பொறிக்க வேண்டும். ஒப்புதல் வருமுன் 9 இன்ச் அப்பரை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள், மாட்டவே வேண்டாம்.

உங்கள் பெயரில் மட்டும் பதிவு செய்தால் நீங்கள் இல்லாதபோது மனைவி கையில் அது இருக்கக்கூடாது. பெட்டியின் சாவி அவரிடம் இருந்தாலே சிக்கல். டிரஸ்ட் வைத்து இருவர் பெயரையும் சேர்ப்பது நல்லது. ரெட் ரிவர் வயலுக்கென்று ஓக்லஹோமா எல்லை தாண்டிப் போவதாக இருந்தால் குட்டைக்குழலுக்கு முன்கூட்டியே 5320.20 படிவம் போட வேண்டும். சப்ரசருக்கு அது தேவையில்லை.

இதைப் படிக்கும் எச்1பி நண்பர்களுக்கு: உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. டெக்சஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமமே வேண்டாம், அதனால் நிறையப் பேர் வாங்குவதில்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அந்தத் தாள்தான் விலக்கு. ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

---

மக்காச்சோளக்காடு எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, அந்தப் பதினைந்து மணி நேரத்தைப் படித்துவிட்டு நேற்று தூக்கம் வரவில்லை. சப்சானிக்கை 60 யார்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு யோசனை. லோயரை மட்டும் படிவம் 1இல் பதிவு செய்து, 9 இன்ச் பிளாக்அவுட் அப்பரும் இப்போதிருக்கும் 16 இன்ச் 5.56 அப்பரும் மாற்றி மாற்றிப் போட்டால்? மறைவிடத்துக்கு ஒன்று, ஓடைக்கரைக்கு ஒன்று. போல்ட்டும் மேகசினும் ஒன்றுதானே? அப்புறம் ராத்திரிக்குப் பிரிசம் போதுமா, தெர்மல் வாங்கியே ஆக வேண்டுமா?

---

குவாடலூப்கரை எழுதுகிறார்:

யோசனை சரி, ஒரே பதிவு செய்த லோயரில் இரண்டு அப்பர் போடலாம். ஆனால் "மேகசின் ஒன்றுதானே" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். .300 பிளாக்அவுட் தோட்டாவை 5.56 குழலுக்குள் தவறிப் போட்டால் சில சமயம் தோட்டா பின்னுக்குத் தள்ளப்பட்டு போல்ட் பூட்டிக்கொள்ளும். 0.308 இன்ச் தோட்டா 0.224 இன்ச் ஓட்டை வழியாகப் போக முடியாது. விசையை இழுத்தால் ரிசீவர் (துப்பாக்கியின் உடல்) முகத்துக்கு முன்னால் பிளக்கும். இருட்டில், அவசரத்தில், கையுறை போட்ட கையோடு மேகசின் மாற்றும்போது இது நடக்க அரை நொடி போதும்.

நான் செய்வது இது. பிளாக்அவுட் மேகசின் எல்லாம் மணல் நிறம், 5.56 எல்லாம் கறுப்பு. மணல் நிற மேகசின் ஒவ்வொன்றின் அடியிலும் தடிமனான ரப்பர் வளையம், இருட்டில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் ஒருநாளும் வைப்பதில்லை. எந்த அப்பர் மாட்டியிருக்கிறதோ அதன் தோட்டா மட்டும் வண்டியில் ஏறும், மற்றது வீட்டில். இந்த ஒழுங்கு உங்களுக்கு வராது என்று தோன்றினால் 5.56 ஒன்றோடு நிறுத்துங்கள், ரெட் ரிவர் சொன்ன 11.5 இன்ச்சே போதும். மனதார சொல்கிறேன், அது தோல்வி இல்லை.

தெர்மல் பற்றி. ராத்திரிப் பன்றிக்கு அதுதான் சரியான கருவி, 1,500 டாலரை அதில் போடுங்கள். பிரிசம் பிறகு வாங்கலாம். பிளாக்அவுட் வைத்திருப்பவனுக்கு இன்னொரு பெரிய லாபம்: பல தெர்மல்களில் இரண்டு மூன்று ஜீரோக்களைத் தனித்தனியாகச் சேமிக்கலாம். என்னுடையதில் முதலாவது 190 கிரெய்ன் சப்சானிக் 50 யார்டு, இரண்டாவது 110 கிரெய்ன் 100 யார்டு. தோட்டாவை மாற்றும்போது பொத்தானை அழுத்தி ஜீரோவையும் மாற்றுவேன். ரெட் டாட்டில் இது முடியாது, ஒன்றுக்கு ஜீரோ வைத்தால் மற்றது எங்கோ போகும். திரையைப் பார்ப்பதால் ஆஸ்டிக்மாடிசம் தொந்தரவும் குறைவு, கூர்மையைக் கண்ணுக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

ஆனால் தெர்மல் வெப்பத்தைக் காட்டும், என்ன பிராணி என்று சொல்லாது. போன வசந்தத்தில் புல்லுக்குள் நாலு வெள்ளை உருவம், பன்றி அளவு, தலையைக் குனிந்துகொண்டு. பாதுகாப்புப் பொத்தானை எடுத்துவிட்டேன். அப்போது நாலாவது ஒன்று காதை ஒரு தடவை பக்கவாட்டில் ஆட்டியது. சந்தேகம் வந்து உற்றுப் பார்த்தேன். கன்றுக்குட்டி, பிறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, பக்கத்து மேய்ச்சல் நிலத்து வேலியில் ஓட்டை. அதிலிருந்து நான் உருவத்தைப் பார்த்தபின் நூறு எண்ணுவேன், வால், காது, நடை மூன்றும் பார்ப்பேன். உங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் மாடு இருக்கிறதா என்று உரிமையாளரிடம் நாளைக்கே கேளுங்கள். ஓடைக்கரை மரவரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பகலில் நடந்துபோய்ப் பாருங்கள். அந்தத் தம்பதி வீடு எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை.

---

மக்காச்சோளக்காடு எழுதுகிறார்:

வீடு வடகிழக்கில், ஓடைக்கரையும் அதே பக்கம்தான் அண்ணா. இப்போது வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். சுடும் கோட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் மரவரிசை தவிர வேறு தடுப்பு இல்லை. மறைவிடத்தைத் தெற்கே தூக்கிவைக்கச் சொல்லி உரிமையாளரிடம் இன்றே பேசுகிறேன். அங்கிருந்து மேற்கே ஓடை மேட்டைப் பார்த்துத்தான் சுட முடியும், பின்னால் பத்தடி உயர மண்கரை. தூரம் 110 யார்டு வரும்.

---

குவாடலூப்கரை எழுதுகிறார்:

110 யார்டு என்றால் 110 கிரெய்ன் சூப்பர்சானிக் ஒன்றே போதும், 5.56 அப்பரை வீட்டில் பூட்டி வைத்துவிடுங்கள். படிவம் ஒப்புதல் வந்ததும் சொல்லுங்கள். ஜீரோ வைக்க நான் ஒரு சனிக்கிழமை வருகிறேன், மூன்று மணி நேர ஓட்டம்தான். அறுக்கும்போது போட ரப்பர் கையுறை நிறைய வாங்கி வையுங்கள், பன்றி ரத்தத்தில் புருசெல்லா கிருமி இருக்கலாம், கையில் சின்னக் கீறல் இருந்தாலும் ஏறிவிடும்.